பதினேழு செகண்டு

டிக்... டிக்... டிக்...

திரைக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டதுமே செங்கல்வராயனுக்குத் தெரிந்துவிட்டது, காசியம்மாள் வந்தாயிற்று. கடிகாரம் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் அவள் நெஞ்சுக்குள் வைத்த வால்வு.

"உள்ள வாம்மா."

புதுப்பட்டினம் கடைத்தெருவில் அந்த ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒரே அறைதான். காசியம்மாள் உட்கார்ந்து கையை நீட்டினாள். பின்னாலேயே புருஷன் ஞானதாஸ், ராத்திரி ஷிப்ட் முடித்த வாட்ச்மேன் உடுப்போடு வந்து நின்றார்.

"மாத்திரை ஒழுங்கா போடுறியாம்மா?"

அவள் வாய் திறப்பதற்குள் ஞானதாஸ் முந்திக்கொண்டார். "போடுறா சார். தினம் டூட்டிக்குக் கிளம்பசொல்ல, போட்டுக்கோன்னு சொல்லிட்டுத்தான் போறேன்."

செங்கல்வராயன் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். அதை மிஷினில் வைத்துச் சுழல விட்டார். மேலே தெளிந்ததை ஒரு கண்ணாடி டியூபில் எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கி, உறைய வைக்கும் மருந்தை விட்டு, ஸ்டாப் வாட்சை அமுக்கினார். டியூபை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். வால்வு வைத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்களுக்கு அது முப்பது செகண்டாவது உறையாமல் ஓட வேண்டும்.

ஓடியது. தடுமாறியது. நின்றுவிட்டது.

பதினேழு.

"மூணு மாசமா இதே கதை. ரத்தம் கெட்டியாவே இருக்கு. கட்டி போய் வால்வுல சிக்கினா அந்த டிக் டிக் நின்னுடும். புரியுதா?"

"புரியுது சார்." காசியம்மாள் சிரித்தாள். "அப்போ டாக்டரு மாத்திரைய கூட்டுவாருல்ல?"

செங்கல்வராயனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிர் போகும் என்கிறேன், இவள் சிரிக்கிறாள்!

"எதுக்குக் கூட்டணும்? குடுத்ததையே நீ முழுங்கல."

"அப்படிச் சொல்லாதீங்க சார்!" ஞானதாஸ் எகிறினார். "முழுங்கறான்னு நான் சொல்றன்ல? இன்னா, பொய் சொல்லிகினு கீறனா? பாருங்க." சட்டைப் பையிலிருந்து காலி அட்டைகளை எடுத்து மேஜையில் போட்டார். "ஒழுங்கா சாப்புடுறான்னு சீட்டுல எழுதுங்க. அப்பதான் டாக்டரு நம்பி அளவ ஏத்துவாரு."

"அட்டைய விட்டுப் போனா போதுமா? வயித்துக்குள்ள போகணும். ராத்திரி வேலைக்குப் போற ஆளு, இவ தூக்கி எறியறத எங்க பாத்தீங்க? ரத்தம் பொய் சொல்லாதுய்யா."

ஞானதாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ வெளிய குந்து. நான் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுகினு வரேன்."

பெண்டாட்டி உயிரைவிட வீம்புதான் பெரிசு இந்த ஆளுக்கு. மனசுக்குள் திட்டிக்கொண்டே அழுக்கு டியூபுகளை டப்பாவில் அள்ளிக்கொண்டு, செங்கல்வராயன் பின்பக்கக் குழாயடிக்குப் போனார்.

முதல் டியூபைக் கழுவும்போதே கேட்டது.

டிக். டிக்டிக். டிக். டிக்டிக்.

துடிப்பு தாறுமாறாக அடிக்கிறதே! டியூபைப் போட்டது போட்டபடி குழாயடியை ஒட்டிய சந்துக்குள் எட்டிப் பார்த்தார்.

காசியம்மாள் தனியாக இல்லை. பக்கத்தில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு இன்னொருத்தி. காசியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு காகிதப் பொட்டலத்தை அவள் கையில் வைத்தாள். உள்ளே, பிளேடால் சரிபாதியாக நறுக்கிய மாத்திரைகள்.

இரண்டு நெஞ்சு. இரண்டு வால்வு. ஒன்று முன்னே, ஒன்று பின்னே.

காசியம்மாள் அவரைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தாள். "சார்... இது கன்னியம்மா. கடப்பாக்கம். ஆஸ்பத்திரில எனக்குப் பக்கத்துப் பெட்டு. ஒரே நாள்ல ஆபரேசன்."

"எங்க ரெண்டு பேத்தையும் சேர்ந்து குந்தவே வுடாது சார் அந்த ஆஸ்பத்திரி நர்சம்மா," என்றாள் கன்னியம்மா மெதுவாக. "இது இன்னா வாட்ச் கடையான்னு திட்டும்."

"எனக்கு அவரு கம்பெனி கார்டு கீது, மாத்திரை சும்மா வருது," என்றாள் காசியம்மாள். "இவளுக்கு யாரு கீறா? புருசன் வுட்டுட்டுப் பூட்டான்."

"அதுக்குப் பாதி பாதியா தின்னா? ரெண்டு பேருக்குமே கெட்டியாகும். ரெண்டு பேரும் போய்ச் சேருவீங்க."

"அதான் சார், டாக்டரு அளவ ஏத்திட்டாருன்னா ஆளுக்குச் சரியா வந்துடும்."

"ஏத்தினத நீ ஒருத்தியே முழுங்கி வெச்சா? ரத்தம் நிக்காம ஓடும், தெரியுமா?"

"நான் எதுக்கு முழுங்கறேன்? இவ கீற வரைக்கும் எனக்குப் பாதிதான்." காசியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "அவருக்கு மட்டும் தெரிய வேணாம் சார். நான் முழுசா முழுங்கறேன்னு நம்பிகினு கீறாரு, பாவம்."

வாசலில் டிவிஎஸ் பிப்டி வந்து நின்றது. செங்கல்வராயன் உள்ளே போனார். ஞானதாஸ் சீட்டுக்காக மேஜை ஓரம் நின்றுகொண்டிருந்தார்.

எப்படி ஆரம்பிப்பது என்று செங்கல்வராயன் பேனாவை உருட்டினார்.

ஞானதாஸ் பின்கதவை ஒரு தடவை பார்த்தார். கிட்டே குனிந்தார்.

"ரெண்டு சத்தமும் கேட்டுட்டீங்களா சார்?"

பேனா நின்றது.

"பகல்ல தூங்கறவன் சார் நானு. வாராவாரம் வூட்டுப் பின்கதவாண்ட கேக்குது. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அந்தம்மா வர்றத நிறுத்திடும். இவகிட்ட சொல்லிடாதீங்க."

செங்கல்வராயன் சீட்டை மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார்.

"சாயங்காலம் டாக்டர்கிட்ட நானும் வரேன். ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கேப்போம்."

பின்கதவைத் திறந்தார். "கன்னியம்மா, கூடைய அங்கயே வெச்சிட்டு உள்ள வந்து உக்காரு. கை நீட்டணும்."

இன்னொரு டியூப் வேண்டும். குழாயடியில் குனிந்து, பாதியில் விட்டதைக் கழுவ ஆரம்பித்தார்.