குத்தாத சேணம்

செவலி என்ற குதிரைக்குப் புதுச் சேணம் வந்தது. முதுகில் கம்பளி விரிப்பைப் போட்டு, அதன்மேல் சேணத்தை வைத்துப் பார்த்தார் குதிரைக்காரர். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

“எங்கேயாவது உறுத்துகிறதா அக்கா?” என்று சேணம் கேட்டது.

வந்ததும் வராததுமாக இவ்வளவு அக்கறையா, இதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தது செவலி. குதிரைக்காரர் சேணத்தின் வயிற்று வாரை இறுக்கியபோது, மூச்சை இழுத்து வயிற்றை உப்பவைத்துக்கொண்டது.

“மூச்சை விடுங்கள் அக்கா. வார் தளர்ந்தால் நான் சரிந்துவிடுவேன்.”

“என்னை நசுக்கப் பார்க்கிறாயா?” என்றது செவலி.

வார் இறுகிவிட்டதென்று நம்பி அவர் ஏறி உட்கார்ந்தார். ஆற்றங்கரை மேட்டில் ஏறும்போது செவலிக்கு மூச்சு இரைத்தது. அடக்கிய மூச்சு தானாக வெளியேறியது. வார் தொளதொளத்துச் சேணம் வயிற்றுக்கடியில் சரிய, அவர் முள்ளுப்புதரில் விழுந்தார். மிரண்டு ஓடிய செவலியின் கால் பட்டுச் சேணம் கிழிந்தது. மறுநாள் அதைக் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

“அது சதிகாரச் சேணம். எனக்கு முதலிலேயே தெரியும்” என்று பக்கத்துக் கழுதையிடம் சொன்னது செவலி.

“ஏன், எங்கேயாவது குத்தியதா?” என்றது கழுதை.

“ஒரு இடத்தில்கூடக் குத்தவில்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகமே வந்தது.”