தாழ்ப்பாளுக்கு ஒரு தலைப்பு

கணினியைத் திறந்ததும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்குமே ஒரு நுழைவுத் திரை மென்பொருள், அதற்குத் தாழ்ப்பாள் என்று பெயர். தன்னைப் பற்றிய கட்டுரையைத் தூக்கிக்கொண்டு அது கலைக்களஞ்சியத்துக்குப் போனது.

ஒரே பெயரில் வரும் கட்டுரைகளைப் பிரித்துக் காட்டும் பெயர்க் குழப்பம் தீர்க்கும் பக்கம் அங்கே வழிமறித்தது. "இந்தத் தலைப்புல ஏற்கெனவே கதவுத் தாழ்ப்பாள் இருக்காரு. அடைப்புக்குறி போட்டுப் பிரிச்சுச் சொல்லுங்க."

"தாழ்ப்பாள் (மென்பொருள்)."

"அப்படியும் ஒருத்தர் இருக்காருங்க."

"தாழ்ப்பாள் (நுழைவுத் திரை)?"

"அவரும் நுழைவுத் திரைதான்."

தாழ்ப்பாளுக்குத் தலை சுற்றியது. "அப்ப நான் யாருங்க?"

பக்கம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பெயர் தவறு. மீண்டும் முயலவும்."

தாழ்ப்பாள் தினமும் ஊருக்கெல்லாம் சொல்கிற வாக்கியம்தான் அது. கேட்டவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று ஒருநாளும் அது யோசித்ததில்லை.