எதிர்ச்சாரியில் நிற்கும் மாப்பிள்ளை

"அவன் உள்ளே வர்றதுக்குள்ள எழுந்து போயிடுங்க. இந்தக் கல்யாணம் உங்களுக்கு வேண்டாம்."

மடமடவென்று சொல்லி முடித்த பிறகுதான் கிபோமுக்கு மூச்சு வந்தது. தேநீர் விடுதியே திரும்பிப் பார்க்கும்படி அவள் கூச்சல் போடுவாள் என்று நினைத்திருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த பூன்ஹீயோ, மூலிகைத் தேநீரில் மிதந்த முட்டை மஞ்சள் கருவைக் கரண்டியால் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"தரகர் அம்மா நல்ல பையன்னுதானே சொன்னாங்க. உங்களுக்கும் அவருக்கும் ஏதாவது பகையா ஐயா?"

"பகைதான். இருபத்தஞ்சு வருஷப் பகை."

"அவருக்கு வயசே இருபத்தஞ்சுதானாமே!"

கிபோம் விழித்தார். சுற்றி வளைத்துப் பேச நேரமில்லை.

"சொன்னா சிரிக்கக் கூடாது. நான் இனிமே வரப்போற காலத்துல இருந்து வந்திருக்கேன். காலைல மனசு சரியில்லாம கடலடிச் சுரங்கத்துக்குள்ள நடந்தேன். இந்தப் பக்கம் வெளியே வந்தா பழைய படகுத்துறை, பழைய கடைத்தெரு. ஊர்ப்பலகையில இந்த ஊரோட பழைய பேரு, சுங்மூன்னு எழுதியிருக்கு. என்ன தேதின்னு கேட்டேன். நேரா இங்க ஓடி வந்துட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "சரி, பையன் எப்படி? குடிப்பாரா?" என்றாள்.

"குடிப்பான். குடிச்சா பாடுவான். அது இன்னும் கொடுமை."

"அடிப்பாரா?"

"சேச்சே!"

"வேற பொண்ணு, கிண்ணு?"

"அதுக்கெல்லாம் தைரியம் வேணுமே! அங்க பாருங்க, ஐயாவுக்கு ரோட்டைத் தாண்டவே தைரியம் வரலை."

ஜன்னலுக்கு வெளியே, எதிர்ச்சாரி சிகரெட் கடை வாசலில் ஓர் இளைஞன் நின்றிருந்தான். இரவல் கோட்டின் தோள் இரண்டும் தொங்கின. கடைக் கண்ணாடியைப் பார்த்துத் தலையை வாரினான். தெருவில் ஓரடி வைத்தான். பின்வாங்கினான். மறுபடி தலையை வாரினான்.

பூன்ஹீக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிபோம் அவசரமாக முன்னால் சாய்ந்தார்.

"சிரிக்காதே. சியோலுக்குப் போய் நாடகக் குழுவுல சேரணும்னு ஆசையா இருக்கே இல்ல? இவனைக் கட்டினா சிப்பி உடைச்சே காலம் போயிடும். பனிக்காலத்துலயும் உடைக்கணும். விரல் மடங்காது. பிள்ளையும் கிடையாது. இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட அவன் 'நீ அழகா இருக்கே'ன்னு சொன்னதில்ல. நினைப்பான். தினம் நினைப்பான். வாய்ல வராது."

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று அவருக்கே தெரியவில்லை.

"அவர் மனசுல நினைக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கிபோம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவன்தான் நான்."

பரிமாறும் பெண் வந்து காலிக் கோப்பைகளை எடுத்துப் போனாள்.

"காலைல வீட்ல சண்டை," என்றார் அவர். "'அன்னைக்கு அந்த டீக்கடைக்குள்ள கால் வைக்காம இருந்திருந்தா என் வாழ்க்கையே வேற'ன்னு சொன்னா. அவ பொய் சொல்ல மாட்டா. நான் அவளுக்குன்னு எதுவுமே தந்ததில்ல. அந்த வேற வாழ்க்கையையாவது தந்துடலாம்னு வந்தேன்."

"சொல்லிட்டு அவங்க என்ன செஞ்சாங்க?"

"அடுப்படிக் கதவைச் சாத்திட்டு அழுதா."

"நீங்க?"

"செருப்பை மாட்டிட்டு வந்துட்டேன்."

"நல்லா இருக்கு! இருபத்தஞ்சு வருஷத்தைத் தாண்டி வரத் தெரிஞ்ச மனுஷனுக்கு, கூடத்தைத் தாண்டி அடுப்படிக்குப் போகத் தெரியலையாக்கும்?"

அதே குத்தல். இந்த வாய்க்காகத்தான் அன்று அவள்மேல் பைத்தியமானோம் என்பது வெகுகாலத்துக்குப் பிறகு கிபோமின் நினைவுக்கு வந்தது. உடனே எழுந்து வீட்டுக்கு ஓட வேண்டும்போல இருந்தது. ஆனால் இவள் போய்விட்டால் ஓடுவதற்கு அந்த வீடே இருக்காது. அவர் கண் கலங்கியது.

வெளியே அந்த இளைஞன் ஒருவழியாகத் தெருவில் இறங்கிவிட்டான். ஒரு சைக்கிள்காரர் அவனைத் திட்டிவிட்டுப் போனார்.

"பின்பக்கமா ஒரு வழி இருக்கு. போயிடு, பூன்ஹீ," என்று கெஞ்சினார் கிபோம்.

"அந்த வழி உங்களுக்குத்தான். போய் அடுப்படிக் கதவைத் தட்டுங்க."

"நான் சொன்னதை நீ நம்பவே இல்லையா?"

"ஒரு வார்த்தை விடாம நம்பறேன். நீங்க வருவீங்கன்னு நேத்தே கேள்விப்பட்டேன்."

"நேத்தா? யார் சொன்னா?"

"நீங்கதான். நான் வேலை பார்க்கிற துணிக்கடைக்கு வந்தீங்க, தலையெல்லாம் வெளுத்து, கைத்தடி ஊன்றிக்கிட்டு. 'நாளைக்கு இதே முகத்தோட ஒரு முட்டாள் வந்து கல்யாணம் வேண்டாம்னு அழுவான், அவன் பேச்சைக் கேட்டுடாதே'ன்னு சொன்னீங்க."

வாசல் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. அவள் எழுந்து நின்று பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு கிபோம் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகலை, ஆனா கடை சாத்துற வரைக்கும் நீங்க போகவே இல்லை, இனிமே எங்கேயும் பார்க்கவே முடியாத ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி என்னையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தீங்க."