லெக் பீஸ் பேரம்

கோழி தவாவில் விழுந்து சுர்ரென்றது. என் மனைவி சுபஸ்ரீ சமையலறை வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

உதவிக்கு வரவில்லை. நகரவும் இல்லை.

புனேயில் ஆறு மாதப் பயிற்சி. முடித்தால் அவள் வேலை பார்க்கும் ஃபேக்டரியில் லைன் லீடர். போகிறாளா இல்லையா என்று நாளை காலைக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு வாரமாக யோசித்துக்கொண்டே இருந்தாள்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. வெங்காய மண்டியில் வளர்ந்தவன். வேண்டும் என்று முதலில் வாயைத் திறப்பவன் தோற்றான் என்பது எனக்குப் பால்பல் விழுவதற்கு முன்பே தெரியும். இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குப் பர்சேஸ் பார்க்கிறேன். ஆளை மடக்க வேண்டுமென்றால் முதலில் வாய்க்கு ருசியாக எதையாவது போட வேண்டும்.

ஆகவே கோழி. அதுவும் புதன்கிழமையில்.

அதுவரை நான் அடுப்பில் வைத்த ஒரே பண்டம் வெந்நீர்.

புதினா, கொத்தமல்லி, பால்கனித் தொட்டியிலிருந்து நாலு கற்பூரவல்லி இலை, பச்சைமிளகாய், இஞ்சி, பூண்டு. அரைத்து, தயிரும் எலுமிச்சைச் சாறும் கலந்து, கறியைக் கீறிப் பூசி, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் காலையில் வேலைக்குப் போனேன். மதியம் ஒரு சப்ளையரிடம் விலை பேசும்போதும் விரல் மணத்தது. அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரமே இறங்கி வந்தார்.

ஆயுத பூஜைக்கு என் கம்பெனி கொடுத்த கிரில் தவா இன்றுதான் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வந்திருக்கிறது.

ஒரு பக்கம் கருகப் பார்த்தது. திரும்பி அவளைப் பார்த்தேன். வாயே திறக்கவில்லை. என் திட்டத்தை மோப்பம் பிடித்துவிட்டாள், கோபம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

தீயைக் குறைத்து நானே புரட்டினேன். பச்சை மசாலாவின் மேல் தவாவின் கோடுகள் வரிவரியாக விழுந்திருந்தன.

மகள் ரஞ்சனி முதல் துண்டை முடித்துவிட்டுத் தட்டை நீட்டினாள். "யப்பா, இன்னொரு லெக் பீஸ் கீதா?"

"கோழிக்கு ரெண்டு காலுதாம்மா. வேணும்னா சப்ளையர்கிட்ட பேசிப் பாக்கறேன்."

இன்னொரு கால் அவள் அம்மா தட்டில் இருந்தது. அதுதான் நான் வைத்த கடைசி விலை.

சுபஸ்ரீ அவசரமில்லாமல் தின்றாள். எலும்பை வெள்ளையாக்கி ஓரம் வைத்தாள். ஜெயித்தாயிற்று என்று எனக்குத் தோன்றியது.

"சூப்பரா கீதுங்க," என்றாள். "நான் போய்ட்டா நீங்க ரெண்டு பேரும் துன்றதுக்கு இன்னா பண்ணுவீங்கன்னுதான் ஒரே ரோதனையா இருந்துச்சு."

இடது கையால் போனை எடுத்தாள். 'போறேன் சார்' என்று சூப்பர்வைசருக்குச் செய்தி பறந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் லைனில் புது ஆளிடம் ஒரு வேலையை ஒப்படைக்கும்போது, பழைய ஆள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். தப்பாகப் போகிற மாதிரி இருந்தாலும் தொடக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. புது ஆள் தானாகவே சமாளித்து முடித்துவிட்டால், பழைய ஆள் கிளம்பிவிடலாம்.

என் பங்குத் துண்டைக் கடித்தேன். உள்ளே வரை சாறு. சரக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

நாளைக்கு மீன் வேண்டும் என்றாள் ரஞ்சனி.

சரி என்றேன், பேரம் பேசாமல்.