நேற்று பிடுங்கிய களை

"நேத்துதானே பிடுங்கினோம்? அதுக்குள்ள இவ்வளவா முளைக்கும்?"

பால்கனியில் குனிந்து தொட்டிகளைப் பார்த்தாள் மாமியார். ரோஜாத் தொட்டியில் கோரை. எலுமிச்சைத் தொட்டியில் புளியாரை. மூன்று வாரமாக இதே கதைதான்.

அவள் கணவர், கணக்கு வாத்தியாருக்குப் பக்கவாதம் வந்து, வலது கை விழுந்து நாலு மாதம். தனியாகச் சமாளிக்க முடியாமல் மகள் வீட்டுக்கு வந்தார்கள். கூடவே பதினோரு பூந்தொட்டிகளும் வந்தன. மாப்பிள்ளை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பால்கனியில் கிடந்த தன் சாய்வு நாற்காலியை மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

அவர் பேசாததுதான் மாமியாருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

"விரலுக்கு வேலை கொடுங்க, இல்லேன்னா இப்படியே மடங்கிடும்" என்று டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்திருந்தார். இரண்டு நாள் அழுத்திப் பார்த்த வாத்தியார், மூன்றாம் நாள் அதைத் தூக்கி எறிந்தார்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா, பந்து விளையாட?"

அதோடு சாப்பாட்டில் பிடிப்பில்லை, பேச்சில் பிடிப்பில்லை. செடி ஒன்றுதான் மிச்சம். தொட்டியில் ஒரு புல் தலைகாட்டினாலும் போதும், முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"கொத்திவிட்டா சீக்கிரம் முடியுமில்ல?" என்று ஒருநாள் மாமியார் களைக்கொத்தை நீட்டினாள்.

"கொத்தறதா? ரோஜா வேர் மேலாகவே ஓடும், அறுந்துபோகும். முதல்ல தண்ணி ஊத்து. மண் ஊறட்டும். அப்புறம் அடித்தண்டைப் பிடிச்சு, மெல்ல ஆட்டி, வேரோட எடுக்கணும். பாதியில அறுத்தா மறுபடியும் வரும்."

இடது கையால் முள் கிளையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, நடுங்கும் வலது கையால் ஒவ்வொன்றாக எடுப்பார். ஒரு தொட்டிக்கு ஒரு மணி நேரம்.

இந்தச் செடிகளும் போய்விட்டால் மனுஷர் படுத்தேவிடுவார். அந்தப் பயத்தில் மாமியார் பூங்காவிலிருந்து காய்ந்த இலைகளை அள்ளி வந்து, எல்லாத் தொட்டியிலும் மண் தெரியாமல் பரப்பினாள். வெளிச்சம் படாவிட்டால் களை முளைக்காதாம்.

மறுநாள் காலை மூன்று தொட்டியில் இலையைக் காணோம். களை மட்டும் இருந்தது.

"உன் வீட்டுக்காரர் எடுத்திருப்பாரோ?" என்று மகளிடம் மெல்லக் கேட்டாள்.

"ஏம்மா, உன் சருகைத் திருடி அவர் என்ன பண்ணப்போறார்? சட்டை தைச்சுப் போட்டுக்கவா?" மகள் சிரித்துக்கொண்டே வேலைக்கு ஓடினாள்.

மாமியாருக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த நாள் விடியும்போதே எழுந்து, பிரார்த்தனைக்குக்கூட உட்காராமல் பால்கனிக் கதவோரம் போய் நின்றாள்.

லேத் பட்டறைக்குக் கிளம்பிய கோலத்தில் மாப்பிள்ளை தொட்டி முன்னால் மண்டியிட்டிருந்தார். சாப்பாட்டுப் பையிலிருந்து ஈரக் காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு பிடி கோரை, வேரும் மண்ணுமாக. சருகை ஒதுக்கினார். சுண்டுவிரலால் குழி பறித்தார். ஒவ்வொன்றாக நட்டார்.

கதவு கிறீச்சிட்டது.

மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். "அத்தை! அது... சும்மா, காத்து வாங்கலாம்னு..."

காற்று வாங்குகிறவருக்கு நகக்கண்ணில் மண் எதற்கு? கேட்கவில்லை. பெண்ணைக் கொடுத்த இடம். "சரிங்க மாப்பிள்ளை" என்று உள்ளே போய்விட்டாள்.

பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை. 'கடவுளே, அவர் சோற்றைத் தின்னுக்கிட்டு அவரையே சபிக்க வச்சுடாதே' என்று மட்டும் வேண்டிக்கொண்டு, பெட்டியை இழுத்துப் போட்டுத் துணிகளை அடுக்கினாள்.

"என்ன பண்றே?" வாத்தியார் கட்டிலில் உட்கார்ந்து சட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"கிளம்புங்க. கூழோ கஞ்சியோ நம்ம வீட்டுல குடிச்சுக்கலாம்."

"யார் என்ன சொன்னாங்க?"

"வாய்விட்டுச் சொல்லியிருந்தா பரவாயில்லையே! களையைக் கொண்டுவந்து நட்டு, செடியைச் சாகடிக்கப் பார்க்கறார் உங்க மாப்பிள்ளை. இந்தக் கண்ணால பார்த்தேன்."

"செடி எங்கே செத்துது? நேத்து ரோஜா மொட்டு விட்டிருக்கு, பார்க்கலையா?"

"அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் வாரமே தெரியும். தானா முளைச்ச களை மண்ணைக் கவ்விக்கிட்டு வரும். இது தொட்டா வந்துடுது."

"தெரிஞ்சுமா தினம் உட்கார்ந்து பிடுங்கறீங்க?"

"பயிற்சி செய்யுங்கன்னு அவர் கெஞ்சினப்போ நான்தான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். ஆனா களையைப் பார்த்தா என் கை சும்மா இருக்காதுன்னு கண்டுபிடிச்சிருக்கார், பார். சொன்னா எனக்கு வெட்கம், அவருக்கும் சங்கடம். அதான் பேசாம இருக்கேன்."

மாமியார் அப்போதுதான் கவனித்தாள். நாலு மாதமாக அவள் போட்டுவிடும் சட்டைப் பொத்தான்களை, வலது கையால் அவரே மாட்டிக்கொண்டிருந்தார். கடைசிப் பொத்தான் திணறித் திணறி உள்ளே போனது.

"பெட்டியை எடுத்து வை" என்றார் வாத்தியார். "மாப்பிள்ளைகிட்ட, நான் சொன்னதா இல்லாம நீயே பக்குவமா ஒண்ணு சொல்லு. நாளையிலேர்ந்து களையை இன்னும் கொஞ்சம் அழுத்தி நடட்டும். என் விரலுக்கு இப்ப இது பத்தலை."