கிராணி எடுத்த போர்டு

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்றார் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி நாகரத்தினம்.

தானா ராத்தா டவுனில் அமிர்தலிங்கத்தின் ரேடியோ கடை. மேசை மேல் இரண்டு மதர்போர்டுகள். எண்பத்தெட்டாம் வருஷம் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு வரப்போகிற முதல் கம்ப்யூட்டருக்கு அதில் ஒன்று. தொழிலாளர் லயத்துச் சனங்கள் தீபாவளிப் புதுத்துணியை விட்டுக்கொடுத்துச் சேர்த்த பணம். கிராணி பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பது தோட்டத்து மேனேஜர் துரையின் உத்தரவு.

"வேகமும் ஒண்ணுதான், விலையும் ஒண்ணுதான்," என்றார் அமிர்தலிங்கம். "ஆனா இதுல மெமரி கூட்டிக்க இடம் இருக்கு. பெரிய புரோகிராமெல்லாம் ஓடும். அதுல பிள்ளைங்க டைப் அடிச்சுப் பழகலாம், பாடம் படிக்கலாம். அவ்வளவுதான்."

"அதுல பின்னால மெமரி கூட்டவே முடியாதா?"

"முடியாது லா."

"அப்ப அதையே போடுங்க."

உடன் வந்த வாத்தியார் ராதாகிருஷ்ணனுக்குச் சுருக்கென்றது. "என்னங்க கிராணி, ஒரே விலைக்கு நல்லது இருக்கும்போது..."

"லயத்துப் பிள்ளைங்களுக்கு இது போதும் சார்."

சொந்த மகனை ஈப்போவில் படிக்க வைத்திருக்கிறவர் பேசுகிற பேச்சா இது? யாருக்குத்தான் வயிறு எரியாது!

லயம் முழுக்கச் செய்தி பரவியது. கொழுந்து எடுக்கும் வடிவம்மாள் நேருக்கு நேராகவே கேட்டுவிட்டாள். "ஆபீசு நாற்காலியில உக்காந்துட்டா எங்க பிள்ளைங்க மேல வரக்கூடாதுங்களா?"

கிராணி குடையை விரித்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் நடந்தார்.

கம்ப்யூட்டரைப் பள்ளியில் வைத்த மறுநாளே துரை ஜீப்பில் வந்து இறங்கினார். பின்னால் கிராணி. துரை கையோடு கொண்டுவந்த டிஸ்கைப் போட்டார். தோட்டத்து ஆட்களுக்குப் பேர் போட்டுச் சம்பளக் கணக்குப் பார்க்கிற ஆபீஸ் புரோகிராம் அது. மெமரி போதாது என்றது திரை. மறுபடியும் போட்டார். அதே பதில்தான்.

"கம்பெனி ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தரமாட்டேங்குது. இதை ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போலாம்னு பார்த்தா, இது ஒண்ணுத்துக்கும் ஆகாது போல. பிள்ளைங்களே வெச்சுக்கட்டும்!"

ராதாகிருஷ்ணன் திரும்பிக் கிராணியைப் பார்த்தார். கிராணி அவர் பக்கம் பார்க்கவே இல்லை.

துரைக்குக் கோபம் அடங்கவில்லை. "நம்ம புரோகிராம் ஓடுற மாதிரி பார்த்து எடுக்கத்தானே உன்னை அனுப்பினேன்? இருபது வருஷமா கிராணி, இதுகூடத் தெரியலையா? நாளையிலேருந்து ஆபீசுக்கு வராதே. ஸ்டோர்ல போய் உரமூட்டை பாரு."

நாகரத்தினம் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"தெரியாமப் போச்சுங்க துரை."