எல்லாத்துக்கும் கத்துற மெஷின்

"இருக்கிறதுலயே உருப்படாத மெஷின் எதுங்க?"

டைவிங் சாமான் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே கைப்பையும் குடையுமாக ஓர் அம்மா.

"எந்த மெஷின்மா?"

"தண்ணிக்கடியில உலோகம் தேடுமே, அது. ஏரியில என் கல்யாண மோதிரம் விழுந்துடுச்சுன்னு எங்க வீட்டுக்காரர் ஆறு மாசமா கையால துழாவிட்டிருக்கார். நாளைக்கு மெஷின் வாங்க இங்கதான் வரப்போறார்."

"அப்ப நல்லதாத்தானே வாங்கணும்?" கடைக்காரர் மஞ்சள் நிறத்தில் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ஏரிக்கு இதுதான் சரி. துருப்பிடிச்ச ஆணி, பாட்டில் மூடி எதுக்கும் வாயைத் திறக்காது. மோதிரம் மாதிரி வந்தாத்தான் கூப்பிடும். ரெண்டே ஞாயித்துக்கிழமையில வேலை முடிஞ்சிடும்."

அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது.

"அதோ, அந்தக் கறுப்பு?"

"அது கடலுக்கு. உப்புத் தண்ணியில நல்லா உழைக்கும். ஆனா தங்கமும் தகரமும் அதுக்கு ஒண்ணுதான், எல்லாத்துக்கும் கத்தும். நம்ம ஏரியில கிடக்கிற குப்பைக்கு, ஆயுசு பூரா தோண்டிட்டே இருக்க வேண்டியதுதான்."

"அப்படிப் போடுங்க! அதையே அவர் தலையில கட்டிடுங்க."

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. மோதிரத்தை எங்கேயோ விற்றுவிட்டு, பாவம், அந்த மனுஷனைத் தண்ணீரில் முங்க விடுகிறாளோ?

அவர் பார்வையிலேயே அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சிரித்தாள்.

"மோதிரம் வீட்லதாங்க இருக்கு. தையல் மெஷின் டிராயர்ல, பட்டன் டப்பாவுக்கு அடியில. படகுல போனப்ப தண்ணியில கையை விட்டு அளைஞ்சேன். வீட்டுக்கு வந்து பார்த்தா விரல்ல மோதிரம் இல்ல. ஏரியோட போச்சுன்னு ஒரே அழுகை. மூணு வாரம் கழிச்சுப் பார்த்தா, இந்தக் கைப்பையோட கிழிசலுக்குள்ள உட்கார்ந்திருக்கு!"

"சொல்லிட வேண்டியதுதானே?"

"எப்படிங்க சொல்றது? முப்பத்தஞ்சு வருஷம் ரயில் ஓட்டினவர். ரிட்டயர் ஆனதும் சுவரையே பார்த்துட்டு உட்கார்ந்துட்டார். மோதிரம் போச்சு, மனுஷன் எழுந்துட்டார்! அறுபது வயசுல டைவிங் கத்துக்கிட்டார். ஞாயித்துக்கிழமைன்னா காபி குடிக்கிறதுக்கு முன்னாடியே டைவிங் டிரெஸ்ஸை மாட்டிட்டு ஹால்ல நடக்கறார். பாவம், அவருக்கு இதை விட்டா வேற சந்தோஷம் கிடையாது."

கடைக்காரருக்குத் தன்னை நினைத்தே வெட்கமாகிவிட்டது. ஆனாலும் தர்மசங்கடம்.

"தப்பான மெஷினை நான் இதுவரைக்கும் யாருக்கும் வித்ததில்லைம்மா. பார்க்கலாம்."

மறுநாள் கடை திறக்கும்போதே ரயில்காரர் வாசலில் நின்றார்.

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே! மஞ்சள் மெஷினையே முதலில் எடுத்துக் காட்டினார்.

"ஏரிக்கு இதுதான் சார். குப்பையை விட்டுடும், மோதிரத்தை விடாது. ரெண்டு ஞாயித்துக்கிழமை போதும்."

"ரெண்டே ரெண்டா?" ரயில்காரரின் முகம் விழுந்துவிட்டது. "அந்தக் கறுப்பு எப்படி?"

"அது ஏரிக்கு ஆகாது சார். எல்லாத்துக்கும் கத்தும்."

"ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை கத்தும்?"

"முப்பது, நாப்பது தடவைகூடக் கத்தும்."

"பேஷ்! அதையே கட்டுங்க."

கடைக்காரர் விழித்தார். "சார், மோதிரம் கிடைக்க வேண்டாமா?"

ரயில்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களோட இருக்கட்டும். மோதிரம் ஏரியிலேயே இல்ல. பட்டன் டப்பாவுக்கு அடியில இருக்கு. சட்டைக்குப் பட்டன் தேடினப்ப பார்த்தேன்."

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வீட்ல கேட்கலையா சார்?"

"கேட்பேனா? பொண்ணு கல்யாணமாகிப் போனதுலேர்ந்து வாசப்படி தாண்டாம கிடந்தவ சார் அவ. இப்ப ஞாயித்துக்கிழமைன்னா குடை, ஃபிளாஸ்க், மடக்கு நாற்காலியோட கரையில ஆஜர். கூட முங்குறவங்க வீட்டு அம்மாக்களோட ஒரே அரட்டை. நான் தலையை வெளிய நீட்டறப்பல்லாம் 'கிடைச்சுதா?'ன்னு ஒரு குரல் கொடுப்பா பாருங்க, அந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு தெரியுமா!"

கடைக்காரர் கறுப்பு மெஷினை எடுத்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தப்பான மெஷினைப் பெட்டியில் வைத்தார். கேட்காமலேயே பேட்டரி இரண்டு செட் கூடுதலாகப் போட்டார்.

பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போன ரயில்காரர் திரும்பி வந்தார்.

"அவ இங்க வந்து விசாரிச்சாலும் விசாரிப்பா. நான் சொன்னதைப் பத்தி மட்டும் மூச்சு விட்டுடாதீங்க. மோதிரம் கிடைச்சுதுன்னு தெரிஞ்சா கரைக்கு வர்றது நின்னுடுமேன்னுதான் ஒளிச்சு வெச்சிருக்கா. பாவம், அவளுக்கு இதை விட்டா வேற சந்தோஷம் கிடையாது!"